முன்சாவும் பீகோவும்: உகாண்டாவின் அகழிகளை வெட்டியது யார்?

மேற்கு உகாண்டாவில் காக்குமிரோ என்ற ஊருக்கு அருகில் முன்சா இருக்கிறது. நடுவில் பிகெகெட்டே என்ற பாறைக் குன்று, அதைச் சுற்றி வளைய வளையமாக மனிதர் கையால் வெட்டிய அகழிகள். இப்போது போய்ப் பார்த்தால் பெரும்பகுதி மண் சரிந்து தூர்ந்து, மேலே புல்லும் புதரும் மண்டி, சாதாரண ஓடை மாதிரிதான் தெரியும். இங்கிருந்து தெற்கே கட்டோங்கா ஆற்றின் தென்கரையில் இதைவிடப் பெரியது ஒன்று உண்டு, பீகோ ப்யா முகேன்யி என்று பெயர். அங்கே அகழிகளின் மொத்த நீளம் 10 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் சில இடங்களில் 4 மீட்டர், அதிலும் சில பகுதிகளில் மண் முடிந்து பாறை வந்த பிறகும் விடாமல் பாறையையே வெட்டியிருக்கிறார்கள். கிபெங்கோ, ந்துசி என்று இன்னும் சில இடங்களும் இதே வட்டாரத்தில் உண்டு. ந்துசியில் பெரிய மண்மேடுகளும் வெட்டிய நீர்த்தொட்டியும் இருக்கின்றன.

இவற்றை வெட்டியது யார், எப்போது, எதற்கு? ரொம்ப காலமாக இதற்கு ஒரே பதில்தான் சொல்லப்பட்டது: ச்வேசி மன்னர்கள், அவர்களுடைய பேரரசின் தலைநகரங்கள் இவை. இந்தப் பதிலில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. யாரும் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதற்கு முன்பே அது தயாராக இருந்தது, தோண்டிய பிறகும் கிடைத்ததையெல்லாம் அதற்குள் திணிக்கப் பார்த்தார்கள். அகழியை வெட்டக் கருவி வேண்டும், கருவிக்கு இரும்பு வேண்டும், இரும்பை உருக்கியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் இந்தக் கதையில் எங்குமே வருவதில்லை. முன்சாவின் மண்ணுக்குள் அவர் இருந்த தடம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ச்வேசி கதை. மேற்கு உகாண்டாவின் பழைய அரசுகளான புன்யோரோ, அங்கோலே பகுதிகளின் வாய்மொழி மரபில் ச்வேசிகள் கொஞ்ச காலமே ஆண்ட ஓர் அரச குலம். ந்தஹுரா, வமாரா என்று இரண்டு மூன்று தலைமுறை, அவ்வளவுதான். பெரிய மாட்டு மந்தைகள் வைத்திருந்தார்கள், பிறகு தீநிமித்தங்கள் தோன்றின, குடிகள் மதிக்கவில்லை, ஒரு நாள் நாட்டை விட்டுப் போய் மறைந்துவிட்டார்கள். ச்வேசிகளில் ஒருவனான முகேன்யிக்கு பிஹோகோ என்று உயிருக்கு உயிரான ஒரு பசு, அது செத்தால் தானும் சாவேன் என்று சத்தியம் செய்திருந்தான், பசு செத்துப்போனது, அவனைச் சாகவிடாமல் சொந்தக்காரர்கள் தடுத்தார்கள், அந்த அவமானத்திலிருந்துதான் குலத்தின் சரிவு ஆரம்பித்தது என்று ஒரு கதை. அருமையான கதை. மாட்டைச் செல்வமாகவும் மானமாகவும் எண்ணிய சமூகம் எப்படி யோசித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் இதே ச்வேசிகள் அந்த மண்ணில் வழிபடப்படும் ஆவிகளும்கூட. எம்பாண்ட்வா என்னும் சாமியாடிகள் மேல் இறங்கி, பிள்ளை வரத்துக்கும் நோய்க்கும் வாக்குச் சொல்பவர்கள். மன்னர்கள் தெய்வமானார்களா, தெய்வங்கள் மன்னர்களாக்கப்பட்டார்களா என்பது சின்னக் கேள்வி இல்லை. 1958லேயே கிறிஸ்டோபர் ரிக்லி என்ற வரலாற்றாய்வாளர் இரண்டாவதுதான் சரி என்று வாதிட்டார்.

இதற்கு மேல் காலனிய காலத்துச் சரக்கு வேறு வந்து சேர்ந்தது. 1863ல் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணி எழுதிய பயண நூலில், இந்தப் பகுதியின் அரசுகளை வடகிழக்கிலிருந்து வந்த 'உயர்ந்த' இனம் ஒன்று நிறுவியதாக ஒரு கொள்கையை முன்வைத்தார். ஆதாரம் ஒன்றும் கிடையாது. கறுப்பின மக்கள் தாமாக அரசு அமைத்திருக்க முடியாது என்ற முன்முடிவு மட்டுமே அதன் அடித்தளம். ச்வேசிகள் வெளுத்த நிறத்தவர், வெளியூர்க்காரர்கள் என்று பின்னால் வந்தவர்கள் எழுதியதெல்லாம் இதன் வழிவந்ததுதான். உகாண்டா நிலவியல் துறையின் வேலண்ட் 1934ல் பீகோவைப் பற்றி எழுதினார், 1953ல் வரலாற்றாய்வாளர் ரோலண்ட் ஆலிவர் இந்த அகழித் தலங்களையும் ச்வேசிகளையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு 'ச்வேசி தலைநகரம்' என்ற அடையாளம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

உள்ளூரிலும் இதற்குத் தேவை இருந்தது, அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். 1890களில் பிரிட்டிஷார் புன்யோரோவை அடக்கிய பிறகு அதன் நிலத்தில் பெரும்பகுதியைப் பிடுங்கி, தங்களுக்குத் துணை நின்ற பக்கத்து அரசான புகாண்டாவுக்குக் கொடுத்தார்கள். 'இழந்த மாவட்டங்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள். முன்சா இருக்கும் புகங்காய்ஸி அவற்றில் ஒன்று. 1964ல் நடந்த வாக்கெடுப்பில்தான் புகங்காய்ஸியும் புயாகாவும் புன்யோரோவுக்குத் திரும்பின. இடையில் 1935 முதல் 1937 வரை புன்யோரோ மன்னர் டிட்டோ வின்யி, கே.டபிள்யூ. என்ற எழுத்துகளில் ஒளிந்துகொண்டு, தம் குலத்தின் மன்னர் வரிசையை ச்வேசிகள் வரை பின்னோக்கி எழுதி வெளியிட்டார். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்த நிலத்தில் கிடக்கும் பிரம்மாண்டமான அகழிகளைக் காட்டி 'இது எங்கள் முன்னோர் வெட்டியது' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை மதிக்கலாம். அகழியின் வயதுக்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, வயதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பள்ளத்துக்கு வயது கிடையாது. பானைக்கு உண்டு, எலும்புக்கு உண்டு, எரிந்த கட்டைக்கு உண்டு. பள்ளம் என்பது மண் எடுத்துவிட்ட வெற்றிடம், அதில் அளக்க ஒன்றுமில்லை. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அகழியை வெட்டும்போது எடுத்த மண்ணைப் பக்கத்திலேயே கரையாகக் கொட்டியிருப்பார்கள். அந்தக் கரைக்கு அடியில் மாட்டிக்கொண்ட பழைய தரை, அதாவது கரை எழுவதற்கு முன்பு ஆட்கள் நடந்து திரிந்த தரை, அதில் கிடக்கும் கரித்துண்டு வெட்டுவதற்கு முந்தியது. அகழியின் அடியில், வெட்டி முடித்த முதல் மழையிலேயே சரிந்து விழுந்திருக்கும் வண்டலில் கிடைக்கும் கரி வெட்டியதற்குப் பிந்தியது. இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான தேதி.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அடி வண்டலில் விழும் கரி கரையிலிருந்தே உருண்டு விழுந்த பழைய கரியாக இருக்கலாம், அப்போது அகழி உண்மையைவிட வயதானதாகத் தெரியும். பிற்காலத்தில் யாராவது தூர் வாரியிருந்தால் முதல் வண்டலே போயிருக்கும், அப்போது இளையதாகத் தெரியும். கரியே நூறு வயது மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையாக இருந்தால் மரம் வளர்ந்த தேதி வருமே தவிர எரிந்த தேதி வராது. தவிர, கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோ கார்பன் கணிப்பு 'இந்த ஆண்டு' என்று ஒற்றையாகச் சொல்லாது, நூறு இருநூறு ஆண்டு இடைவெளியைத்தான் கொடுக்கும். இரண்டு மூன்று தலைமுறையே ஆண்டதாகச் சொல்லப்படும் ஒரு குலத்தை அந்த இடைவெளிக்குள் எங்கே வேண்டுமானாலும் உட்கார வைத்துவிடலாம். பீகோவில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 1957ல் பீட்டர் ஷின்னியும் 1960ல் மெரிக் பொஸ்னான்ஸ்கியும் அங்கே அகழாய்வு செய்தார்கள், சுமார் 14, 15ஆம் நூற்றாண்டு என்று காலம் தெரியவந்தது. மன்னர் பட்டியலைத் தலைமுறை எண்ணிப் பின்னோக்கிப் போனால் ச்வேசிகளும் அந்தப் பக்கம்தான் வருகிறார்கள். உடனே பொருந்திவிட்டது என்றார்கள். உள் வளாகத்தின் அமைப்பு பிற்கால அங்கோலே மன்னர்களின் மாட்டுப் பட்டியோடு ஒத்துப்போகிறது என்பதும் சேர்ந்துகொண்டது. கிடைத்த பொருள்களோ மாட்டெலும்பும், முறுக்கிய புல்கயிற்றை ஈரக் களிமண்ணில் உருட்டி அச்செடுத்த பானை ஓடுகளும். அந்த உருட்டு அச்சுப் பானை அந்தக் காலத்தில் விக்டோரியா, ஆல்பர்ட் போன்ற பெரிய ஏரிகளைச் சுற்றிய பகுதி முழுக்கப் பரவியிருந்த வழக்கம். அதை எந்த அரச குலத்தோடும் முடிச்சுப் போட முடியாது.

முன்சாவுக்கு வருவோம். 1950களில் லான்னிங் என்ற காலனிய அதிகாரி இதைப் பற்றி விவரமாக எழுதினார். முறையான அகழாய்வு தொல்லியலாளர் பீட்டர் ராபர்ட்ஷா தலைமையில் 1980களின் கடைசியில் தொடங்கி 1990களில் நடந்தது. அங்கே வெளிப்பட்டது ஒரு குடியிருப்பு: தானியக் குழிகள், மாட்டெலும்புகள், புதைகுழிகள், இரும்பு உருக்கிய உலை. அகழி வெட்டப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே குன்றில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அகழிகள் பிறகு வந்தவை, சுமார் 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில். முதலில் ஊர், அப்புறம்தான் அகழி. யாரோ ஒரு பேரரசன் வந்து வெறும் காட்டில் கோட்டை போட்டான் என்ற சித்திரம் இந்த ஒரு வரிசையிலேயே உடைகிறது.

ந்துசியும் இதையே சொல்கிறது. ஆண்ட்ரூ ரீட் அங்கே செய்த ஆய்வில் தெரிவது, 11ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே அது பெரிய ஊராக இருந்திருக்கிறது, மாடும் வளர்த்திருக்கிறார்கள், சோளமும் விதைத்திருக்கிறார்கள், தந்தத்தில் வேலைப்பாடும் செய்திருக்கிறார்கள், இந்தியப் பெருங்கடல் வாணிகத்தில் வந்த கண்ணாடி மணிகளும் கொஞ்சம் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பீகோ செழித்ததோ அதற்குப் பிறகு. அளவும் வேறு, அமைப்பும் வேறு, காலமும் வேறு. ஒரே பேரரசின் தலைநகரங்கள் என்றால் காலமாவது ஒத்துப்போக வேண்டாமா? ராபர்ட்ஷா கடைசியில் வந்து சேர்ந்த முடிவும் இந்தப் பக்கம்தான்: தனித்தனித் தலைமைகள், ஒன்றோடொன்று போட்டியில் இருந்தவை.

அந்த உலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 2014ல் லூயிஸ் ஐல்ஸ், ராபர்ட்ஷா, ரூத் யங் மூவரும் முன்சா உலையையும் அதனோடு கிடைத்த இரும்புவேலை எச்சங்களையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அகழிகளின் அளவுக்கு முன்னால் இது ஒரு சின்னக் குழி, சுற்றுலா வருபவர் அடையாளம்கூடக் காண மாட்டார். எனக்கு முன்சாவில் இதைவிட முக்கியமான பொருள் வேறில்லை.

இந்தப் பகுதியில் பழைய முறை இப்படி. தரையில் ஒரு குழி, மேலே களிமண்ணால் எழுப்பிய உலைச்சுவர். குழிக்குள் முதலில் புல்லோ நாணலோ அடைப்பார்கள். மேலே மரக்கரியும் உடைத்த இரும்புத் தாதுக் கல்லும் அடுக்கடுக்காக. சுடுமண் ஊதுகுழாய்களைச் சுவருக்குள் செருகி, துருத்தி மிதித்தோ அழுத்தியோ மணிக்கணக்காகக் காற்று செலுத்துவார்கள். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், இந்த உலையின் வெப்பம் அங்கே போகாது, போகவும் தேவையில்லை. சுமார் 1200 டிகிரியில் கல்லிலுள்ள மணலும் மற்ற அழுக்கும் உருகிக் கசடாகி, கீழே குழியிலுள்ள புல்லை எரித்துக்கொண்டு வடிகிறது. இரும்பு உருகாமலே, தாதுவிலிருந்து பிரிந்து, துளைத்துளையான ஒரு கட்டியாக மேலே நிற்கிறது. அதைச் சூட்டோடு எடுத்துத் தட்டித் தட்டித்தான் கசடைப் பிழிந்து மண்வெட்டியாக்க வேண்டும்.

கட்டி மண்வெட்டியாகிப் போய்விடுகிறது, மண்வெட்டி தேய்ந்து துருவாகிப் போய்விடுகிறது. கசடுதான் மிஞ்சும். கறுப்பாக, கைக்கு எதிர்பாராத கனமாக, சில பக்கங்களில் கண்ணாடி போல் மினுங்கும். மெழுகுவர்த்தியின் பக்கவாட்டில் வழிந்து உறைந்த மெழுகு மாதிரி வடிந்த தடம் இருக்கும். இந்தப் பகுதியின் குழி உலைக் கசடைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நாணல் தண்டின் கணுவும் வரியும் அப்படியே அச்சாகப் பதிந்திருப்பதைக் காணலாம். தண்டு எரிந்து பல நூறு ஆண்டு ஆகிவிட்டது, அது நின்ற இடத்தில் ஓட்டை மட்டும். அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மாதிரித் தாது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகமாக ஆறியது, உலைச்சுவர் மண் எவ்வளவு கரைந்து கலந்தது எல்லாம் தெரியும். உருக்கியவருடைய பெயர் எந்த மன்னர் பட்டியலிலும் இல்லை, அவர் கைவேலை மட்டும் இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

இதோடு மனிதர்களும் உண்டு. 1919–20ல் புன்யோரோவில் தங்கி எழுதிய ஜான் ராஸ்கோ, உருக்குபவர்கள் கல்லை ஆண் என்றும் பெண் என்றும் பிரித்தார்கள், கறுத்துக் கடினமானது ஆண், சிவந்து மென்மையானது பெண், இரண்டையும் கலந்தால்தான் நல்ல இரும்பு வரும் என்றார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். வேறு வேறு தாதுவைக் கலப்பது உருக்குக்கு நல்லது என்பது தொழில் தெரிந்தவர் பேச்சு, அதை அவர்கள் தங்கள் மொழியில் வைத்திருந்தார்கள். உலை எரியும் நாட்களில் உருக்குபவர் மனைவியோடு சேரக்கூடாது என்ற விலக்கும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைப் போல் இங்கேயும் இருந்தது. மண்வெட்டி வெறும் கருவியாக இல்லை, பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுத்தார்கள், மன்னனுக்குத் திறையாகக் கட்டினார்கள். பக்கத்து நாடுகளுக்கு விற்கவும் செய்தார்கள். புன்யோரோ பிற்காலத்தில் செழித்ததற்கு ஆல்பர்ட் ஏரிக்கரையில் கிபிரோவின் உப்பும் இந்த இரும்பும் பெரிய காரணங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு என்னுடையது, சுமாரானது. பீகோ அகழி 10 கி.மீ., மேலே 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், கீழே குறுகும் வடிவம் என்று வைத்தால் குறுக்குவெட்டு 10 சதுர மீட்டர், மொத்தம் 1 லட்சம் கன மீட்டர் மண். பக்கங்கள் செங்குத்து என்றால் 2 லட்சம். ஒரு ஆள் நாளைக்கு 2 கன மீட்டர் வெட்டிக் கரையில் கொட்டுவார் என்றால் 50,000 முதல் 1 லட்சம் ஆள்நாள். 500 பேர் சேர்ந்தால் 100 முதல் 200 நாள். அந்தப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், இடையில் இரண்டு வறண்ட காலம். வயல் வேலை இல்லாத அந்த மாதங்களில் மட்டும் வெட்டினாலும் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். பாறையை வெட்டிய இடங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வேலை பெரியதுதான், ஆனால் இதற்குப் பேரரசு தேவையில்லை. சில நூறு பேரைக் கூப்பிட்டு வேலை வாங்கவும் அவர்களுக்குச் சோறும் மதுவும் மாடும் போடவும் முடிந்த ஒரு தலைவன் போதும். ஆனால் 500 பேருக்கு மண்வெட்டி வேண்டும், கெட்டி மண்ணிலும் பாறையிலும் அது சீக்கிரம் தேயும், தேயத் தேய மாற்ற வேண்டும். ஆகவே அகழி வெட்டும் தலைவன் உருக்குபவரைத் தன் பக்கத்தில் வைத்திருந்தே ஆக வேண்டும். முன்சாவில் உலை இருப்பதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். அந்த உலையின் இரும்புதான் அந்த அகழியை வெட்டியது என்று நிரூபிக்க முடியாது, இரண்டும் ஒரே ஊரின் பொருளாதாரம் என்று சொல்லலாம்.

எதற்கு வெட்டினார்கள்? போருக்கு என்பது முதல் ஊகம். பீகோவின் வெளி அகழியில் பல இடங்களில் வழி விட்டிருக்கிறார்கள், அவ்வளவு நீளத்தைக் காவல் காக்கப் படையும் அதே அளவு வேண்டும், அதனால் அது முழுக்க நம்பும்படி இல்லை. மாடு வெளியே போகாமல் இருக்க என்பது இன்னொன்று, யானை பயிருக்குள் வராமல் தடுக்க என்பது மற்றொன்று. யானைக்கு அகழி நல்ல தடைதான். என் கணிப்பில் இந்தக் காரணங்கள் ஒன்றையொன்று அடிக்காது. மாட்டையும் தானியத்தையும் காத்த அகழி, 'இவ்வளவு பேரை என்னால் வேலை வாங்க முடியும்' என்று பக்கத்து ஊர்த் தலைவனுக்குக் காட்டவும் பயன்பட்டிருக்கும்.

முன்சாவுக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் எடுத்த மண் தூண்களில் டேவிட் டெய்லரும் குழுவினரும் மகரந்தத்தை எண்ணினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு காட்டு மரங்களின் மகரந்தம் குறைந்து புல் பெருகுகிறது. விதைப்பதற்குக் காட்டை அழித்தார்களா, மேய்ச்சலுக்கா, உலைக்குக் கரி சுடவா என்று மகரந்தம் மட்டும் பிரித்துச் சொல்லாது. மழை அளவும் அந்த நூற்றாண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. ஆனாலும் குன்றில் ஆட்கள் குடியேறியதும் காடு பின்வாங்கியதும் கிட்டத்தட்டச் சேர்ந்தே நடக்கின்றன, அகழிகள் அதற்கு வெகு பின்னால்தான் வருகின்றன.

வாய்மொழி மரபை நான் ஒதுக்கித் தள்ளுகிறேன் என்று நினைக்க வேண்டாம். விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில், டான்சானியாவின் புகோபா பக்கத்தில், கட்டுருகா என்ற இடத்தில் ருகோமோரா மஹே என்ற மன்னன் ஒரு மரத்தடியில் இரும்பு அடித்துக் கோபுரம் கட்டினான் என்று ஹாயா மக்கள் சொல்லிவந்தார்கள். பீட்டர் ஷ்மிட் 1970களில் அந்த மரத்தடியையே தோண்டினார். இரும்பு வேலையின் தடம் கிடைத்தது, ஆனால் அந்த மன்னனின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. இடத்தை மக்கள் சரியாக நினைவில் வைத்திருந்தார்கள், மன்னனைத்தான் பிறகு சேர்த்தார்கள். பீகோவிலும் முன்சாவிலும் இதே மாதிரி நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே ஊர்ப் பெரியவர்களிடம் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், காலத்தைக் கரியிடம் கேட்க வேண்டும்.

பீகோவும் ந்துசியும் 2007ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. இந்தத் தலங்களைப் பற்றிய பேச்செல்லாம் அகழியிலேயே நிற்கிறது, கசடு சிதறிக் கிடக்கும் நிலமும் சதுப்பும் கணக்கில் வருவதில்லை. உழவுக்கு முதலில் பலியாவது கசடுதான், ஏனென்றால் ஏர் ஓட்டுகிறவருக்கு அது வயலில் தடுக்கும் கல், பொறுக்கி ஓரத்தில் எறிந்துவிடுவார், எறிந்த பிறகு அது எந்த உலையினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. சதுப்பை வடித்து வயலாக்கினால் மகரந்த அடுக்கும் காய்ந்து கெட்டுப்போகும். உலையை அகழியோடு காலத்தால் இன்னும் இறுக்கமாகக் கட்ட, அகழியின் அடி வண்டலில் மணல் துகள்கள் கடைசியாக வெயில் பார்த்த தேதியை அளக்கும் முறை இருக்கிறது, கரியே இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். முன்சாவில் அதற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது குன்றுக்கு மிக அருகிலுள்ள வளையத்தில் ஒன்றும் கடைசி வளையத்தில் ஒன்றும் வெட்டிப் பார்த்தால், எல்லாம் ஒரே தலைவன் ஒரே மூச்சில் வெட்டியதா, ஊர் பெருகப் பெருகத் தலைமுறைக்கு ஒன்றாக வெளியே தள்ளித் தள்ளி வெட்டியதா என்பது தெரியவரும்.